'லாம்' வேற, 'ணும்' வேற: கைக்குழந்தையோட ஒர்க் ஃப்ரம் ஹோம் பத்தி சட்டம் என்ன சொல்லுது

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துச்சு. பிரசவ லீவு முடிஞ்சதும் குழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் வீட்டுல இருந்தே வேலை பாக்க சட்டம் உரிமை குடுத்திருக்கு, கம்பெனி மாட்டேன்னு சொல்லவே முடியாதுன்னு. மேல் மாடில இருக்குற ஒரு பொண்ணு அதை அப்படியே நம்பி, லீவு முடிய 4 நாள் இருக்கும்போது எச்.ஆருக்கு மெயில் போட்டுட்டா, சட்டப்படி எனக்கு உரிமை இருக்கு, திங்கக்கிழமைலேந்து வீட்டுல இருந்து லாகின் பண்றேன்னு. ரெண்டே வரில பதில் வந்துச்சு. அப்படி ஒரு உரிமை இல்ல, திங்கள் 9 மணிக்கு ஆபீஸ் வந்துடுங்கன்னு. அஞ்சரை மாசக் குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து ஃபோனை என்கிட்ட நீட்டினா, கை நடுங்கிட்டு இருந்துச்சு. பாத்துக்க வந்த அம்மா ஊருக்குப் போயாச்சு, ஆள் இன்னும் அமையல.

நான் சென்னை ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனில 8 வருஷம் எச்.ஆரா இருந்தவ. அந்த மாதிரி ரெண்டு வரி மெயில் நானே அனுப்பியிருக்கேன். இப்ப என் பையனுக்கு ரெண்டு வயசு, நான் வீட்டுல இருந்துதான் வேலை பாக்குறேன், அதனால மேஜையோட ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும். இந்த விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அம்மாக்கள் இல்லாத உரிமைய இருக்குன்னு நம்பி ஏமாறுறாங்க, அதே நேரம் உண்மையாவே இருக்குற உரிமைய யாரும் கேக்குறதே இல்ல. அந்த ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது, அதான் எழுத உக்காந்தேன்.

மொதல்ல ஒரு பஸ் சீட்

டவுன் பஸ்ல ஏறுறீங்க, கைல குழந்தை. ஜன்னல் மேல 'மகளிர்'னு எழுதியிருக்குற சீட்ல ஒரு ஆள் உக்காந்திருந்தா, எந்திரிங்கன்னு நீங்க சொல்லலாம், அவர் எந்திரிக்கலேன்னா கண்டக்டர்கிட்ட சொல்லலாம். அது உங்க இடம். ஆனா மத்த சீட்ல இருக்குற ஒருத்தர் குழந்தையப் பாத்துட்டு எந்திரிச்சு உங்களுக்கு இடம் விட்டா, அது அவரோட நல்ல மனசு. அவர் எந்திரிக்கலேன்னா கண்டக்டர் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டுலயும் உங்களுக்குக் கிடைக்கிறது ஒரே சீட்தான், ஆனா ஒண்ணு உரிமை, இன்னொண்ணு அனுமதி.

உரிமைன்னா, குடுக்கலேன்னா மேல போய்க் கேக்க ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம். அனுமதின்னா குடுக்குறவர் சம்மதிச்சாதான் உண்டு. சட்டத்துல இந்த வித்தியாசம் ஒரே ஒரு வினைச்சொல்லோட கடைசில ஒளிஞ்சிருக்கும். 'முதலாளி தரணும்'னு இருந்தா உரிமை, 'முதலாளி தரலாம்'னு இருந்தா அனுமதி. எந்த விதியப் படிச்சாலும் மொதல்ல இந்த 'லாம்', 'ணும்' எதுன்னு தேடுங்க, பாதிக் குழப்பம் அங்கயே தீந்துடும்.

லீவு: இது 'ணும்'

நம்ம நாட்டுல இதுக்கு அடிப்படையா இருந்தது 1961-ல வந்த மகப்பேறு நலச் சட்டம். 2017-ல அதைத் திருத்தி 12 வாரமா இருந்த சம்பளத்தோட கூடிய லீவை 26 வாரம் ஆக்கினாங்க. இதுல அதிகபட்சம் 8 வாரத்தை பிரசவத்துக்கு முன்னாடி எடுத்துக்கலாம். ஏற்கனவே ரெண்டு குழந்தை இருக்குறவங்களுக்கு 12 வாரம்தான். 3 மாசத்துக்குக் குறைவான குழந்தைய தத்தெடுக்குற அம்மாவுக்கும் வாடகைத்தாய் மூலமா குழந்தை பெத்துக்கிறவங்களுக்கும் 12 வாரம்னு அந்தத் திருத்தத்துல வச்சாங்க. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல அந்தக் கம்பெனில 80 நாள் வேலை பாத்திருக்கணும், அவ்வளவுதான் தகுதி. தமிழ்நாடு அரசு வேலைல இருக்குறவங்களுக்குக் கதை வேற, அவங்களுக்கு 2021 ஜூலைலேந்து 12 மாசம்.

2025 நவம்பர் 21-லேந்து அந்தப் பழைய சட்டத்தோட இடத்துல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. தொகுப்புன்னா தனித்தனியா இருந்த பல சட்டங்களை ஒரே புத்தகமா சேத்துக் கட்டினது. பேர் மாறினாலும் நான் இங்க சொல்ற மகப்பேறு விதிகள் கிட்டத்தட்ட அப்படியே அதுக்குள்ள வந்துடுச்சு, அதனால பழைய சட்டம் போயிடுச்சு லீவும் போயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இந்த லீவுல கம்பெனியோட விருப்பம்னு ஒண்ணும் கிடையாது. குடுக்கணும். ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஈ.எஸ்.ஐ.ங்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுல இருக்குறவங்களுக்கு அந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ. குடுக்குது, மத்தவங்களுக்கு மொத்த சம்பளமும் கம்பெனி கைலேந்து போகுது. புதுசா கல்யாணமான பொண்ணை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமான்னு நேர்காணல் முடிஞ்ச அப்புறம் ரூமுக்குள்ள நடக்குற பேச்சை நான் கேட்டிருக்கேன். அது தப்பு, இன்னைக்கும் நடக்குது. செலவைப் பல பேர் பங்கு போட்டுக்குற மாதிரி ஒரு ஏற்பாடு வராத வரைக்கும் அது நிக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

ஒர்க் ஃப்ரம் ஹோம்: இது 'லாம்'

இப்ப விஷயத்துக்கு வருவோம். 2017 திருத்தத்துல ஒரு சின்ன உட்பிரிவு இருக்கு. அதைப் பேச்சுத் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: அந்தப் பெண்ணுக்குக் குடுத்திருக்குற வேலை வீட்டுல இருந்து பாக்கக் கூடிய தன்மைல இருந்தா, லீவு முடிஞ்ச அப்புறம் முதலாளி அவங்களை வீட்டுல இருந்து வேலை பாக்க அனுமதிக்கலாம், எவ்வளவு நாள், என்ன நிபந்தனைங்கிறதை ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கலாம்.

இதுல மூணு கதவு இருக்கு பாருங்க. வேலையோட தன்மை ஒத்து வரணும், முதலாளி சரின்னு சொல்லணும், ரெண்டு பேரும் நிபந்தனைக்கு ஒத்துக்கணும். மூணும் திறந்தாதான் உள்ள போக முடியும். நர்ஸ், பேங்க் கவுண்ட்டர்ல இருக்குறவங்க, தையல் கம்பெனி லைன்ல நிக்கிறவங்க, இவங்களுக்கு மொதக் கதவே திறக்காது. கர்நாடக உயர் நீதிமன்றத்துல இந்த உட்பிரிவை வச்சே ஒரு வழக்கு போச்சு. அந்தம்மா ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பாத்தவங்க. அந்த வேலை சிக்கலானது, ரகசியம் காக்க வேண்டியது, வீட்டுல இருந்து செய்ய முடியாது, அதனால இந்த உட்பிரிவு பொருந்தாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, அதே சமயம் அவங்க வேலைக்கு வராத நாட்களை அனுதாபத்தோட பாருங்கன்னு நிர்வாகத்துக்கும் சொல்லுச்சு.

அப்ப அந்த ஒரு வருஷம் எங்கேந்து வந்துச்சு? எனக்குத் தெரிஞ்சு அதுக்கு ஒரு வேர் இருக்கு. கொரோனா ரெண்டாவது அலை நேரத்துல, 2021 ஜூன்ல, மத்திய தொழிலாளர் அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் ஒரு அறிவுரை அனுப்புச்சு, வேலையோட தன்மை இடம் குடுத்தா பால் குடுக்குற அம்மாக்களுக்குக் குழந்தை பிறந்த தேதிலேந்து குறைஞ்சது ஒரு வருஷமாவது வீட்டுல இருந்து வேலை பாக்க விடச் சொல்லி முதலாளிகளை ஊக்கப்படுத்துங்கன்னு. அது அறிவுரை, சட்டம் இல்ல. பெரியவங்க 'சீக்கிரம் தூங்குடா'ன்னு சொல்ற மாதிரி, கேட்டா நல்லது, கேக்கலேன்னா கேஸ் இல்ல. ஃபார்வர்ட் எழுதினவங்க அந்த 'ஊக்கப்படுத்துங்க'ங்கிறதை விட்டுட்டு ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க போல.

வெளிநாட்டுல இது உரிமையாச்சேன்னு கேப்பாங்க. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்லேந்து வேலைக்குச் சேந்த மொத நாள்லேந்தே யார் வேணா வேலை நேரத்தையோ இடத்தையோ மாத்தித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், முதலாளி 2 மாசத்துல பதில் சொல்லணும், மறுக்குறதா இருந்தா சட்டத்துல இருக்குற 8 காரணத்துல ஒண்ணைக் காட்டணும், அதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டுப் பேசணும். கவனிச்சீங்களா, அங்கயும் உரிமைங்கிறது கேக்குறதுக்குத்தான், வாங்குறதுக்கு இல்ல. ஆனா காரணம் சொல்லணும்ங்கிற அந்த ஒண்ணு நம்மகிட்ட இல்ல, அது இருந்தா ரெண்டு வரி மெயிலே வராது.

இதுவரைக்கும் பாத்தது: லீவு உரிமை. அதுக்கப்புறம் வீட்டுல இருந்து வேலைங்கிறது ஒப்பந்தம். ஒரு வருஷம்ங்கிறது பழைய அறிவுரை.

கம்பெனிக்கு என்ன உரிமை

இதைப் பத்திப் பேசினா உடனே முதலாளி பக்கம் பேசுறேன்னு கோவப்படுறாங்க. ஆனா எதிர்ல இருக்குறவர் எங்க நிக்கிறார்னு தெரியாம பேரம் பேச முடியாது.

வாடகை வீட்டை நினைச்சுக்கோங்க. வீட்டு ஓனர் வாடகை கேக்கலாம், ஆணி அடிக்காதன்னு சொல்லலாம், அக்ரிமெண்ட் முடிஞ்சா நீட்டிக்க மாட்டேன்னு சொல்லலாம். ஆனா நினைச்ச நேரத்துக்குக் கதவைத் திறந்து படுக்கையறைக்குள்ள வர முடியாது. முதலாளிக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எந்த நேரத்துக்கு லாகின்ல இருக்கணும், என்ன வேலை எப்ப முடியணும், வாரத்துல எத்தனை நாள் ஆபீஸ் வரணும், இதெல்லாம் அவர் முடிவு பண்ணலாம். கம்பெனி லேப்டாப்ல என்ன நடக்குதுன்னு கண்காணிக்கலாம், கம்பெனி தகவல் வெளில போகாம பாத்துக்கச் சொல்லலாம். வேலை நேரத்துல குழந்தையப் பாத்துக்க வேற ஆள் வீட்டுல இருக்கணும்னு நிபந்தனை போடலாம், நிறைய பாலிசில இது இருக்கு, யாரும் படிக்கிறது இல்ல. ஒப்பந்தத்துல சொன்ன காலம் முடிஞ்சா திரும்பக் கூப்பிடலாம்.

சில சமயம் முதலாளியே நினைச்சாலும் முடியாத நிலை இருக்கும். சிறுசேரி, சோழிங்கநல்லூர், கோயம்புத்தூர் விளாங்குறிச்சி பக்கம் நிறைய ஐ.டி. கம்பெனிங்க சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள்ள இருக்கு. சிறப்புப் பொருளாதார மண்டலம்னா ஏற்றுமதிக்காக வரிச்சலுகை குடுத்து வேலி போட்ட இடம். சலுகை அந்த இடத்துக்குள்ள நடக்குற வேலைக்குங்கிறதால, ஆட்கள் வெளில இருந்து வேலை பாக்குறதுக்குத் தனி விதி வேணும். 2022 ஜூலைல கொண்டு வந்த விதில அதிகபட்சம் பாதிப் பேர், ஒரு வருஷம் வரைக்கும்னுதான் இருந்துச்சு, அப்புறமா தளர்த்தினாங்க. என் பழைய கம்பெனில இந்தப் பட்டியல் தயார் பண்ணினது நான்தான், யார் பேரைச் சேக்குறது யார் பேரை விடுறதுன்னு அந்த எக்செல் ஷீட்டைப் பாத்துக்கிட்டு ராத்திரி 10 மணி வரைக்கும் உக்காந்திருக்கேன், கைக்குழந்தை வச்சிருக்கவங்க பேரு மட்டும் முப்பதைத் தாண்டிச்சு.

கம்பெனி தாண்டக் கூடாத கோடு

இது சுருக்கமாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒவ்வொண்ணும் 'ணும்' இல்லேன்னா 'கூடாது'. மகப்பேறு லீவுல இருக்கும்போது வேலைய விட்டு எடுக்கக் கூடாது, அந்த நேரத்துல பணி நிபந்தனைய அவங்களுக்குப் பாதகமா மாத்தவும் கூடாது. பணி நிபந்தனைன்னா சம்பளம், பதவி, வேலை நேரம் மாதிரி நீங்க சேரும்போது ஒத்துக்கிட்ட விஷயங்கள். குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பால் குடுக்க நேரம் குடுக்கணும். வேலைக்குச் சேரும்போதே இந்த மகப்பேறு உரிமைகள் எல்லாத்தையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்துல தெரிவிக்கணும். உங்க ஆஃபர் லெட்டரோட வந்த பேப்பர்களைத் திரும்ப எடுத்துப் பாருங்க, அப்படி ஒரு தாள் இருக்கான்னு.

வேலை நேரமும் அப்படித்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல வந்தது, அதுல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருக்கு, அதுக்கு மேலன்னா ஓவர்டைம் சம்பளம். நிர்வாகப் பதவில இருக்குறவங்களுக்கு இது பொருந்தாது. மத்தவங்களுக்கு, வீட்டுல இருக்கீங்கல்லங்கிற ஒரே காரணத்துக்காக ராத்திரி 11 மணிக்குக் கால் போடுறது நியாயம் ஆகிடாது.

பால் அடுப்புல இருக்கு

சட்டத்தை விட்டுட்டு வீட்டுக்குள்ள வருவோம், ஏன்னா இன்னொரு பெரிய தப்புக் கணக்கு இங்க இருக்கு. வீட்டுல இருந்து வேலை கிடைச்சா குழந்தைய நானே பாத்துக்கலாம், ஆள் தேவையில்லன்னு நினைக்கிறாங்க. கம்பெனியும் அப்படித்தான் நினைக்குது, அதான் அனுமதி குடுக்குறதை ஏதோ குழந்தை வளக்க உதவி பண்ற மாதிரி பேசுது.

அடுப்புல பாலை வச்சுட்டு ஃபோன் பேசினது உண்டா? பால் பத்து நிமிஷம் சும்மாதான் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தைப் பாத்து, ரெண்டையும் ஒண்ணா செய்யலாம்னு தோணும். பொங்குறது ஒரு நொடி, நீங்க திரும்பின அந்த நொடி. ரெண்டு வயசுக் குழந்தை அந்தப் பால்தான்.

போன புதன்கிழமை காலைல 11 மணிக்கு எனக்கு ஒரு கால். பையனுக்கு ராகிக் கஞ்சி ஊட்டி, தரைல ஸ்டீல் டம்ளரும் ரெண்டு கரண்டியும் குடுத்து உக்கார வச்சுட்டு ஆரம்பிச்சேன். இருபது நிமிஷம் டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டு இருந்தான், நான் மைக்கை அணைச்சு அணைச்சுப் பேசினேன். அப்புறம் சத்தம் நின்னுச்சு. குழந்தை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், சத்தம் இருந்தா பயம் இல்ல. நான் ஒரு பட்ஜெட் தொகைய வாசிச்சுக்கிட்டு இருந்தேன், பாதில நிறுத்த முடியல, ஒரு நிமிஷம் கூட இருக்காது. போய்ப் பாத்தா பாத்ரூம்ல பக்கெட் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறான், பக்கெட் நிறைய தண்ணி. ஒண்ணும் ஆகல. ஆனா அன்னைக்கு மத்தியானமே மாசம் 7,000 ரூபாய்க்கு ஒரு அக்காவை காலைல 4 மணி நேரத்துக்குப் பேசி வச்சேன். வீட்டுல இருந்து வேலைங்கிறது மிச்சப்படுத்துறது போக வர ஆகுற நேரத்தை, பால் குடுக்க ஒரு கதவைத் தாண்டிப் போனா போதும்ங்கிற நிம்மதிய. குழந்தையப் பாத்துக்கிற ஆளை அது மிச்சப்படுத்தாது. இதை யாராவது மொதல்லயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

யாரும் கேக்காத 'ணும்': கிரெச்

கிரெச்னா வேலை நேரத்துல சின்னக் குழந்தைங்களைப் பாத்துக்கிற இடம், நம்ம ஊர்ல குழந்தைக் காப்பகம்னு சொல்றது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற நிறுவனம் கிரெச் வசதி செஞ்சு தரணும். தரலாம் இல்ல, தரணும். அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்க் குழந்தையப் பாத்துட்டு வர விடணும். கம்பெனிக்குள்ளயே வைக்கணும்னு அவசியம் இல்ல, பக்கத்துல பொதுவா ஒண்ணு நடத்தலாம், நாலு கம்பெனி சேந்து கூட நடத்தலாம்.

8 வருஷத்துல என்கிட்ட வந்து ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டவங்களை எண்ணவே முடியாது. கிரெச் எங்க இருக்குன்னு கேட்டவங்க ரெண்டு பேர். 'லாம்'முக்காக அழுதவங்க அத்தனை பேரும் பக்கத்துலயே இருந்த 'ணும்'மைத் தாண்டிப் போயிட்டாங்க. நாங்களும் வாயத் திறந்து சொல்லல, சொல்லியிருக்கணும். கார்மென்ட்ஸ்ல, ஆஸ்பத்திரில வேலை பாக்குற அம்மாவுக்கு வீட்டுல இருந்து வேலைங்கிற பேச்சுக்கே இடமில்ல, அவங்களுக்கு உண்மைல உதவுறது கிரெச் மட்டும்தான்.

சுருக்கமா: கம்பெனிக்கு நேரம், இடம், வேலை மேல உரிமை இருக்கு, உங்களுக்கு லீவு, பால் நேரம், கிரெச் மேல உரிமை இருக்கு. வீட்டுல இருந்து வேலைங்கிறது நடுவுல கிடக்குது, பேசி எடுத்துக்கணும்.

அப்பாக்கள் எங்க?

வீட்டுல இருந்து வேலை பத்தின அந்த உட்பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனில அப்பாவுக்கு லீவு குடுக்கணும்னு சட்டமே இல்ல, மத்திய அரசு ஊழியரா இருந்தா 15 நாள். அதனால வீட்டுல ரெண்டு பேரும் வேலை பாத்தாலும் கேக்க வேண்டியவ அம்மான்னு ஆகிப்போச்சு. ஆனா ஒப்பந்தம்ங்கிறது யார் வேணா போடலாமே. வாரத்துல ரெண்டு நாள் அப்பா, மூணு நாள் அம்மான்னு ரெண்டு கம்பெனிலயும் பாதிப் பாதி கேட்டா, ஒரே கம்பெனில முழுசா கேக்குறதை விட சீக்கிரம் சரின்னு சொல்லுவாங்க, நான் பாத்த வரைக்கும்.

மெயில் எப்படி எழுதுறது

மேல் மாடிப் பொண்ணோட அன்னைக்கு ராத்திரி உக்காந்து மெயிலைத் திரும்ப எழுதினோம். உரிமைங்கிற வார்த்தைய எடுத்துட்டோம். அவ வேலைல எதெல்லாம் லேப்டாப்ல முடியும், எதுக்கு ஆபீஸ் வரணும்னு தனித்தனியா எழுதினா. 3 மாசத்துக்கு மட்டும், வாரத்துல 3 நாள் வீடு, 2 நாள் ஆபீஸ். நான் தொடர்ந்து லாகின்ல இருக்குற நேரம் இது, குழந்தைக்குப் பால் குடுக்குற இடைவேளை ரெண்டும் இந்த நேரம், வேலை நேரத்துல குழந்தையப் பாத்துக்கப் போறது இன்னார். 3 மாசம் முடிஞ்சதும் உக்காந்து பேசலாம். நெட் செலவு யாரோடது, லேப்டாப் கெட்டுப்போனா யார் பொறுப்பு, திடீர்னு ஆபீஸ் கூப்பிடணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், இதையும் கேட்டு வச்சோம், ஏன்னா வாய்ப் பேச்சுல ஒத்துக்கிட்ட மேனேஜர் மாறிட்டா அந்தப் பேச்சும் அவரோடயே போயிடும். அனுமதியா வந்தது எழுத்துல ஏறிட்டா அதைக் காட்டிக் கேக்க முடியும்.

கடைசி வரில ஒரே ஒரு கேள்வி சேத்தோம். ஆபீஸ் வர்ற ரெண்டு நாளும் குழந்தைய விட நம்ம கம்பெனியோட கிரெச் எங்க இருக்கு?

இந்தத் தடவை பதில் வர ஆறு நாள் ஆச்சு, அதுவரைக்கும் அவ அம்மா ஊர்லேந்து திரும்ப வந்து பாத்துக்கிட்டாங்க. 3 மாசம் கேட்டதுக்கு 2 மாசம் குடுத்தாங்க. கிரெச், ஆபீஸுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற ஒரு காப்பகத்தோட ஏற்கனவே ஒப்பந்தம் போட்டதா இருந்துச்சு, ஒன்றரை வருஷமா. அவ டீம்ல இருந்த இன்னும் மூணு அம்மாக்களுக்கு அது அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.